அழகிய கடல் நத்தையை அடையாளம் காண்போம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. நிறத்தை மட்டும் நம்பி ஒன்றின் தன்மையை முடிவு செய்யலாகாது என்பதே இதன் பொருள். இவ்வுண்மை கடலடியில் வாழும் சின்னஞ்சிறு உயிர்களுக்கும் பொருந்தும். பவளப்பாறைகளில் ஊர்ந்து திரியும் ஓடில்லாக் கடல் நத்தை ஒன்றினை எடுத்துக்கொண்டு, அதனை அதைப்போலவே தோன்றும் பிற உயிர்களிலிருந்து பிரித்தறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம். அதன் விலங்கியல் பெயர் பில்லிடியா வேரிகோசா என்பதாகும்.

ஓடில்லாத நத்தை

மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் ஊரும் நத்தையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். முதுகில் ஓடு, தலையில் கொம்புகள், வயிற்றுப் பக்கம் முழுவதும் ஒரே பாதம் ஆகியவை அதன் அடையாளங்கள். வயிறே காலாக அமைந்திருப்பதால் இவ்வகுப்பினை வயிற்றுக்காலிகள் என்கிறோம். சங்கும் சோழியும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே.

இவ்வகுப்பிலேயே ஓட்டைத் துறந்து வாழும் ஒரு கூட்டம் கடலில் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் மிதக்கும் இளம் பருவத்தில் இவற்றுக்கும் மிகச் சிறிய ஓடு இருக்கும். வளர்ந்து கடலடியில் தங்கும்போது அவ்வோடு நீங்கிவிடும். இக்கூட்டத்தினை வெற்றுச் செவுளிகள் என்பர். பல இனங்களில் மூச்சுவிட உதவும் செவுள்கள் மூடி ஏதுமின்றி வெளியே தெரிவதால் இப்பெயர் வந்தது. உலகக் கடல்களில் இவற்றுள் 3000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

ஈண்டு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் "கடல் அட்டை" என்று அழைக்கப்படுவது வேறு உயிர். அது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலி. நாம் பேசப்போவது மெல்லுடலி. இவ்விரண்டையும் குழப்பிக் கொண்டால் பின்வரும் பாடம் முழுவதும் குழம்பிவிடும்.

நமது நத்தையின் வகைப்பாடு பின்வருமாறு:

தொகுதி: மெல்லுடலிகள்
வகுப்பு: வயிற்றுக்காலிகள்
வரிசை: வெற்றுச் செவுளிகள்
குடும்பம்: பில்லிடியிடே
பேரினம்: பில்லிடியா
சிற்றினம்: வேரிகோசா

பெயரின் பொருள்

பில்லிடியா என்னும் பேரினப் பெயரை 1797ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் கூவியே அமைத்தார். சிற்றிலை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இதன் செவுள்கள் சிறுசிறு இலைகளை அடுக்கினாற்போல இருக்கும். வேரிகோசா என்னும் சிற்றினப் பெயரை 1801ஆம் ஆண்டில் லாமார்க் சூட்டினார். பரிணாமக் கொள்கையைப் படிக்கும்போது நாம் காணும் அதே லாமார்க் தான் இவர். வேரிகோசா என்றால் புடைத்த நரம்புகளை உடையது என்று பொருள். நெடுநேரம் நின்று வேலை செய்வோரின் கால்களில் நரம்பு புடைத்திருப்பதை மருத்துவர்கள் 'வேரிகோஸ்' என்று சொல்வதும் இதே இலத்தீன் சொல்லால்தான். ஆகவே பெயரிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது: முதுகில் நரம்பு புடைத்தாற்போன்ற மேடுகள்.

தோற்றம்

இந்நத்தை நீள்வட்ட வடிவானது. பெரும்பாலும் நம் விரல் நீளமே இருக்கும். நன்கு வளர்ந்தது 11 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். மற்ற ஓடில்லா நத்தைகளைப் போல இது வழவழப்பாகக் குழைந்திருப்பதில்லை. இதன் முதுகு பாகற்காயின் தோலைப் போல் கரடுமுரடானது, சற்று விறைப்பானது.

முதுகின் அடிநிறம் கறுப்பு. அதன்மேல் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் நோக்கி 3 முதல் 6 வரையிலான நீளமேடுகள் ஓடும். மேடுகள் நீலம் கலந்த சாம்பல் நிறத்தவை. மேடுகளின்மீது வரிசையாகக் குமிழ்கள் நிற்கும். ஒவ்வொரு குமிழின் தலையிலும் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். முன்புறத்தில் இரண்டு மஞ்சள் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை நீரில் கரைந்துள்ள மணத்தை அறிய உதவும் உணர்கொம்புகள். உணவையும் துணையையும் இவற்றின் உதவியால் இந்நத்தை தேடிக் கொள்கிறது.

செங்கடலும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையும் தொடங்கிப் பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகள் வரை இவ்வினம் பரவியுள்ளது. நம் நாட்டில் லட்சத்தீவு, அந்தமான் ஆகிய இடங்களின் பவளப்பாறைகளில் இதனைக் காணலாம். பகலிலேயே ஒளிவு மறைவின்றிப் பாறைமேல் ஊர்ந்து செல்வது இதன் இயல்பு.

அறிவதற்கு ஆறு படிகள்

நீலமும் மஞ்சளும் கறுப்பும் கலந்த எதையும் பார்த்தவுடன் "இது வேரிகோசா" என்று சொல்லிவிடக் கூடாது. கீழ்க்காணும் ஆறு படிகளையும் வரிசையாக ஏறிய பின்னரே பெயர் சொல்ல வேண்டும்.

1. உணர்கொம்புகள் உண்டா? இரண்டு கொம்புகள் இல்லையேல் அது இந்நத்தையே அன்று. தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால் அவற்றின் நிறத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும். வேரிகோசாவுக்கு மஞ்சள்.

2. முதுகில் மலர் போன்ற செவுள் உண்டா? குரோமோடோரிஸ் முதலிய அழகிய நத்தைகளுக்கு முதுகின் பின்பகுதியில் செவுள்கள் பூங்கொத்துப் போல விரிந்திருக்கும். நீலமும் மஞ்சளும் அவற்றிலும் உண்டு. ஆனால் பில்லிடியாவின் முதுகில் செவுள் கிடையாது. மேலுறையின் ஓரத்திற்கும் பாதத்திற்கும் இடையில் இருபுறமும் அவை மறைந்திருக்கும். வெற்றுச் செவுளிகள் என்ற வரிசையில் சேர்ந்திருந்தும் செவுளை மறைத்து வைத்திருப்பது இதன் புதுமை!

3. தோல் எப்படி? வழவழப்பா, குமிழ்கள் நிறைந்ததா? குமிழ்கள் தனித்தனியே நிற்கின்றனவா, மேடுகளின்மேல் வரிசையாக நிற்கின்றனவா?

4. குமிழ்களின் நிறம் என்ன? கறுப்பு உடலில் இளஞ்சிவப்புக் குமிழ்கள் கொத்துக் கொத்தாக இருந்து, கொம்புகளும் கறுப்பாக இருந்தால் அது பில்லிடியெல்லா பஸ்டுலோசா என்னும் வேறோர் இனம். பொன்னிற உடலில் வெள்ளை விளிம்புடைய கறுப்பு வளையங்கள் இருந்தால் அது பில்லிடியா ஒசெல்லாட்டா.

5. மேடுகள் எவ்வாறு ஓடுகின்றன? பில்லிடியா செலஸ்டிஸ் என்னும் இனம் வேரிகோசாவின் உடன்பிறந்தாளைப் போன்றது. நீல மேடுகள், மஞ்சள் குமிழ்கள், மஞ்சள் கொம்புகள் எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் அதன் மேடுகள் மூன்றே. நடுமேட்டில் பெரிய மஞ்சள் குமிழ்கள் இடைவெளி விட்டு நிற்கும்.

6. பாதத்தின் அடியில் என்ன இருக்கிறது? இதுவே முடிவான படி. வேரிகோசாவின் பாதத்தைக் கீழிருந்து பார்த்தால் நடுவில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். செலஸ்டிஸின் பாதத்தில் அக்கோடு இல்லை. ஆனால் பில்லிடியா எலிகன்ஸ் என்னும் மற்றோர் இனத்திற்கும் பாதத்தில் கறுப்புக் கோடு உண்டு. அதன் முதுகோ நீலமாக இராது. வெண்மை கலந்த இளஞ்சிவப்பாக இருக்கும். ஆகவே கோடு ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு செய்யலாகாது. முதுகும் பாதமும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

மேலே எவ்வளவு வண்ணம் இருந்தாலும் உண்மையான அடையாளம் எவர் கண்ணிலும் படாத அடிப்பாகத்தில் இருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பளிச்சென்ற நிறம் எதற்கு?

ஓடும் இல்லை, வேகமும் இல்லை, ஒளிந்து கொள்ளும் வழக்கமும் இல்லை. இத்தகைய உயிரை மீன்கள் ஏன் விழுங்கிவிடவில்லை? மஞ்சளும் கறுப்புமாகப் பறக்கும் குளவியை ஒருமுறை தொட்டுக் கொட்டுப் பட்டவள் மறுமுறை அதன் அருகில் செல்வாளா? நிறமே எச்சரிக்கைப் பலகையாகிறது. நமது நத்தையும் அதே வழியைத்தான் பின்பற்றுகிறது.

1963ஆம் ஆண்டில் ஜோஹன்னஸ் என்னும் ஆய்வாளர், வேரிகோசா சுரக்கும் கோழையில் விரும்பத்தகாத மணமும், மீன்களையும் நண்டு இனங்களையும் கொல்லக்கூடிய நஞ்சும் இருப்பதை வெளியிட்டார். இந்நஞ்சு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தது. ஹவாயில் பால் ஷோயர் என்னும் வேதியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். நத்தை தின்னும் ஒருவகைக் கடற்பஞ்சிலும் அதே நஞ்சுப்பொருள் இருப்பதைக் கண்டு, 1975ஆம் ஆண்டில் அதன் வேதி அமைப்பை வெளியிட்டனர். ஹவாயிலுள்ள புபுகேயா என்னும் இடத்தின் பெயரை அப்பொருளின் பெயரில் சேர்த்தனர்.

தோட்டத்து நத்தைக்கு அரம் போன்ற நாக்கு உண்டு. அதனால் இலைகளைச் சுரண்டித் தின்கிறது. பில்லிடியாவுக்கு அந்த நாக்கு கிடையாது. இது கடற்பஞ்சின்மீது செரிமான நீரைச் சுரந்து, இளக்கி, உறிஞ்சி உண்கிறது. கடற்பஞ்சு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் நஞ்சையே உண்டு, அதனைத் தன் தோலில் சேர்த்துத் தனக்குக் காவலாக்கிக் கொள்கிறது. பகைவனின் ஆயுதத்தையே பறித்துத் தன் கையில் ஏந்திய வீரனைப் போன்ற செயல் இது.

வேடமிடும் உயிர்கள்

ஒருவருக்கு நல்ல பெயர் வந்தால் அவர் பெயரைச் சொல்லிப் பிழைப்போரும் வந்துவிடுவர். கடலிலும் அப்படியே. பில்லிடியாவை மீன்கள் தொடுவதில்லை என்பதால், அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கும் உயிர்கள் உள்ளன.

ஒன்று தட்டைப்புழு. சூடோசெரோஸ் இமிட்டேட்டஸ் என்னும் இனம் பில்லிடியெல்லா பஸ்டுலோசாவைப் போலவே குமிழ்களுடன் தோன்றுகிறது. இதனை 1994ஆம் ஆண்டில் மூன்று ஆய்வாளர்கள் விவரித்து, போலி செய்வது என்னும் பொருளில் பெயரிட்டனர். தட்டைப்புழுவுக்குச் செவுள் கிடையாது. உடல் தாளைப் போல மெல்லியது. உண்மையான கொம்புகள் இல்லை. உடலின் முன்விளிம்பே மடிந்து கொம்பு போலக் காட்சி தரும்.

மற்றொன்று, முன்னே நாம் ஒதுக்கி வைத்த கடல் அட்டையின் குஞ்சு! பியர்சனோதூரியா கிரேஃபி என்னும் கடல் அட்டை வளர்ந்தபின் பழுப்பு நிறமாக இருக்கும். ஆனால் குஞ்சாக இருக்கும்போது வெளிறிய உடலில் கறுப்புக் கோடுகளும் மஞ்சள் முனைகளும் கொண்டு வேரிகோசாவைப் போலவே விளங்கும். வளர்ந்து பெரிதானதும் வேடத்தைக் கலைத்துவிடும். அதற்குக் கொம்புகள் இல்லை. வாயைச் சுற்றி உணர்விழைகளும், அடியில் குழாய்க் கால்களும் உண்டு. முதற்படியையும் ஆறாம் படியையும் மறவாதவள் இவ்வேடத்தில் ஏமாற மாட்டாள்.

வரலாற்றில் ஒரு பாடம்

கடல் நத்தைகளைச் சாராயத்தில் இட்டு வைத்தால் அவற்றின் நீலமும் மஞ்சளும் மங்கிவிடும். பழங்காலத்தில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருந்த அறிஞர்கள் பலருக்குக் கிடைத்தவை இவ்வாறு நிறம் போனவையே. வேரிகோசாவுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டன. மூன்று கோடுகளை உடையது என்னும் பொருளில் ட்ரைலினியாட்டா என்று 1804ஆம் ஆண்டில் கூவியே வழங்கிய பெயரும் அவற்றுள் ஒன்று. லாமார்க்கின் பெயர் முந்தியது என்பதால் அதுவே நிலைத்தது.

இக்குறையை நீக்கும் வழியை நம் பக்கத்துக் கடலில் பணியாற்றியவர்கள் காட்டினர். இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட், முத்துச்சிப்பிகளை ஆராயும் அரசுப் பணியில் இருந்தவர். அவர் இலங்கைக் கடலின் ஓடில்லா நத்தைகளை ஆராய்ந்து, வரைபடங்களையும் சேர்த்து வைத்தார். இன்று பில்லிடியெல்லா சைலானிகா எனப்படும் இனத்தை 1859ஆம் ஆண்டில் விவரித்தவர் அவரே; சைலானிகா என்றால் இலங்கைக்கு உரியது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் சேகரித்த கடல் நத்தைகளை ஆல்டர், ஹான்காக் என்னும் இருவர் 1864ஆம் ஆண்டில் விவரித்தனர். கெலார்ட் 1860ஆம் ஆண்டில் இறந்துவிட்டார். ஆயினும் 1906ஆம் ஆண்டில் சார்லஸ் எலியட் என்பவர் அவருடைய படங்களைக் கொண்டே தென்னிந்திய, இலங்கை நத்தைகளை மறுபடியும் ஆராய முடிந்தது. பின்னர் 1993ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பிரன்க்ஹர்ஸ்ட் இக்குடும்பம் முழுவதையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெரும் நூலாக வெளியிட்டார்.

வரைந்தவர் மறைந்து 46 ஆண்டுகள் ஆன பின்னும் படம் சாட்சி சொன்னது. அறிவியல் ஏட்டில் நாம் வரையும் படங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் வரைகிறோம் என்று எண்ணக் கூடாது.

சரியான பெயர் எதற்கு?

நத்தைக்கு எப்பெயர் இட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். மூன்று காரணங்களைக் கூறுவேன்.

முதலாவது, உயிர்ச்சேதம். அழகாக இருக்கிறதே என்று வேரிகோசாவை மீன் தொட்டியில் விட்டால், அதன் நஞ்சினால் மற்ற உயிர்கள் மாண்டுவிடக்கூடும். தனக்குரிய கடற்பஞ்சு கிடைக்காமல் அந்நத்தையும் பட்டினியால் சாகும்.

இரண்டாவது, சட்டம். பவளங்களும் கடல் அட்டைகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. நத்தை என்று எண்ணி ஒருவர் கையில் எடுத்தது கடல் அட்டைக் குஞ்சாக இருக்கலாம். அறியாமை அவ்வுயிருக்கு ஈடு செய்யாது.

மூன்றாவது, கணக்கு. இராமநாதபுரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்குள்ள பவளங்கள் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் வெளுத்துப் போயின. பவளம் அழிந்தால் அதனை அண்டி வாழும் கடற்பஞ்சு, நத்தை, மீன் ஆகிய அனைத்தின் வாழ்வும் மாறும். எந்த இனம் குறைந்தது, எது நிலைத்தது என்று அறிய ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணிவிட்டால், ஓரினம் மறைந்து போனாலும் கணக்குப் புத்தகத்தில் அது வாழ்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டும், தொடக் கூடாது. பாதத்தைக் காண்பதற்காக நத்தையைப் பிடுங்கி எடுப்பது தவறு. அது பாறை விளிம்பில் ஏறித் தலையைத் தூக்கும் வரை காத்திருந்து படம் எடுத்துக் கொள்ளலாம். கையில் எடுத்து ஆராய்வது உரிய அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை.

பயிற்சி

தோழியரே, கீழ்க்காணும் வர்ணனைகளைப் படித்து, விடையைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

அ. நீல மேடுகள் மூன்று, மஞ்சள் குமிழ்கள், மஞ்சள் கொம்புகள். பாதத்தின் அடியில் கோடு இல்லை.

ஆ. கறுப்பு உடல், கொத்தாக இளஞ்சிவப்புக் குமிழ்கள், கறுப்புக் கொம்புகள்.

இ. கறுப்புக் கோடுகள், மஞ்சள் முனைகள். கொம்புகள் இல்லை. அடியில் குழாய்க் கால்கள்.

ஈ. நீல உடல், மஞ்சள் விளிம்பு, வழவழப்பான தோல். முதுகில் பூங்கொத்துப் போன்ற செவுள்.

உ. நீலச் சாம்பல் மேடுகள் ஐந்து, மஞ்சள் குமிழ்கள், மஞ்சள் கொம்புகள். பாதத்தின் நடுவே கறுப்புக் கோடு.

விடைகள்: அ. பில்லிடியா செலஸ்டிஸ். ஆ. பில்லிடியெல்லா பஸ்டுலோசா. இ. கடல் அட்டைக் குஞ்சு. ஈ. பில்லிடியா குடும்பத்தைச் சேராத, குரோமோடோரிஸ் போன்ற வேறு நத்தை. உ. பில்லிடியா வேரிகோசா.

ஐந்தும் சரியாகச் சொன்னவள் கடலைப் பார்க்கக் கற்றுக் கொண்டாள் எனலாம். வண்ணத்தைக் கண்டு மயங்குவது எளிது. கொம்பைப் பார்த்து, தோலைப் பார்த்து, மேடுகளை எண்ணி, இறுதியில் அடிப்பாதத்தையும் பார்த்த பின்னரே பெயர் சொல்வதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமையே அறிவியலின் முதற்பாடம். விரல் நீள நத்தை ஒன்று அதனை நமக்குக் கற்பிக்கிறது.